நூறு அண்ணன்கள் பிடித்த கயிறு

சேந்தன்துறையில் உப்பு முதலாளி வீட்டின் கிழக்குச் சுவரில், இரண்டாம் மாடியில், கடலைப் பார்த்தபடி ஒரு நீல ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னலுக்கும் அதற்கு மேலே மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே இருந்த தூரம் வருடா வருடம் நீண்டுகொண்டே போனது. தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் வழக்கம் போலத்தான் தெரிந்தது: ஆள் உயரத்துக்கு வெள்ளைச் சுவர், அதன் கீழே ஜன்னல், ஜன்னலின் மேல்விளிம்பில் ஒரு காக்கை. ஆனால் வர்ணம் அடிக்கிறவன் பலகையில் உட்கார்ந்து கயிற்றில் இறங்கினால், முதல் வருடம் நாலு பாகம், அதாவது கை விரித்த நாலு ஆள் நீளம், கயிறு போதாமல் போனது, அடுத்த வருடம் பத்துப் பாகம் போதவில்லை, அதற்கும் அடுத்த வருடம் கடைத்தெருவில் இருந்த கயிறு மொத்தத்தையும் முடிச்சுப் போட்டு இறக்க வேண்டியிருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. விலைவாசி ஏறுகிறது, கடல் உள்ளே வருகிறது, ஜன்னல் தள்ளிப் போகிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல ஊர் பழகிக்கொண்டது.

அடிக்காமல் விட்டால்தான் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடலிலிருந்து திரும்பும் படகுகள் அந்த நீலத்தையும் சவுக்குத் தோப்பின் முனையையும் ஒரே கோட்டில் வைத்துத்தான் முகத்துவாரத்துக்குள் நுழைந்தன. ஜிபிஎஸ் கருவி சாமி படத்துக்குப் பக்கத்தில் மினுக்கிக்கொண்டு தொங்கும், படகோட்டியின் கண் மட்டும் நீலத்தைத் தேடும். உப்புக்காற்று ஒரே வருடத்தில் அந்த நீலத்தைச் சாம்பல் ஆக்கிவிடும். ஒரு புரட்டாசியில் கயிறு போதவில்லை என்று அப்படியே விட்டார்கள், அந்த ஐப்பசியிலேயே இரண்டு படகுகள் மணல்திட்டில் ஏறிக் கவிழ்ந்தன. அதிலிருந்து மழைக்கு முன்னால் ஜன்னலுக்கு வர்ணம் அடிப்பது ஊர்க்கடமை ஆயிற்று, அதற்கு ஒரு கமிட்டியும் வந்தது. முதலாளி குடும்பம் சாவியைக் கமிட்டியிடம் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

உள்ளே இருந்து கதவைத் திறந்து, கையை நீட்டி அடித்துவிடலாமே என்று யோசனை சொல்லாதவர் இல்லை. காலங்காலமாக அடித்த எனாமல் கதவையும் நிலையையும் ஒரே பலகையாக ஒட்டிப்போட்டிருந்தது. பெயர்த்தால் ஜன்னல் உடையும், உடைந்தால் நீலமே இருக்காது. கீழேயிருந்து சவுக்குக் கட்டையில் சாரம் கட்டியும் பார்த்தார்கள். சாரம் ஏறி ஏறி மொட்டை மாடியையே தாண்டிப் போனது, உச்சியில் நின்றவன் குனிந்து மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தைப் பார்த்தான், நிமிர்ந்தால் ஜன்னல் இன்னும் அவன் தலைக்கு மேலே இருந்தது. அவன் இறங்கி வந்து படுத்துக்கொண்டான். சாரத்தைப் பிரித்துப் பந்தலுக்கு வாடகைக்கு விட்டார்கள்.

ஆக மிஞ்சியது கயிறுதான். கயிற்றுக்கு அந்த ஊரில் ஒரு முறை உண்டு. உயரத்தில் தொங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பவன் அவன் பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். பங்காளி பிடித்தால் நடுவில் அவனுக்கு வரப்புத் தகராறு ஞாபகம் வரும், சிநேகிதன் பிடித்தால் பீடி ஞாபகம் வரும், மச்சினன் பிடித்தால் தங்கச்சியின் கழுத்து ஞாபகம் வரும், கை தளராது. கயிற்றின் வால்நுனியும் அந்த மச்சினன் இடுப்பில்தான் கட்டியிருக்கும். போனால் இரண்டு பேருமாகப் போக வேண்டும் என்பதே ஏற்பாடு.

ஜன்னலுக்கு இறங்கியவன் உத்திராபதி. கயிறு பிடித்தவன் அவன் மனைவி தவமணியின் அண்ணன் வைரக்கண்ணு. உத்திராபதியைப் போல ஜாக்கிரதையான ஆளை வைரக்கண்ணு பார்த்ததில்லை. தூரிகையின் காம்பில் நூல் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வான், டப்பாவைப் பாதிதான் நிரப்புவான், காற்று திரும்பினால் காசு கொடுத்தாலும் இறங்க மாட்டான். உப்பைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, அது காயும் வரை அந்தரத்தில் சும்மா உட்கார்ந்திருந்து, அதற்கப்புறம்தான் டப்பாவின் மூடியைத் திறப்பான்.

கைப்பிடிச் சுவரைத் தாண்டும் வரை தரை பக்கத்திலேயே இருக்கும், டீக்கடைப் பாய்லரின் ஆவி கூடத் தெரியும்; காலை அந்தப் பக்கம் போட்டதும் தரை போய்விடும் என்பான் உத்திராபதி. "போயிடும்னா எங்க மாப்ள போவும்?" என்று ஒருமுறை வைரக்கண்ணு கேட்டதற்கு, "அது எனக்கெதுக்கு மச்சான், நான் சொவரத்தானே பாத்துக்கிட்டு எறங்குறேன்" என்று சிரித்தான். தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவன் காலையிலிருந்து மாலை வரை கைப்பிடிச் சுவருக்கு ஒரு சாண் கீழே கால்களை ஆட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டே இருப்பான், ஜன்னலும் அங்கேயே இருக்கும், அவனும் அங்கேயே இருப்பான், திடீரென்று ஒரு நேரத்தில் பார்த்தால் ஜன்னலில் பாதி நீலமாகியிருக்கும்.

அந்த நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருநாள் ஆயிற்று. மசூதித் தெருக்காரர்கள் சர்பத் கொடுத்தார்கள், மாதா கோயில் தெருவிலிருந்து சுண்டல் வந்தது, ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு முடிந்து சினிமாப் பாட்டு வந்தது. "இந்த வருசம் எம்மாந்தூரம்?" என்று நெல் விளைச்சலைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார்கள், தூரம் கூடியிருந்தால் ஏனோ ஒரு பெருமையும் வந்தது. பக்கத்து ஊர் ஜன்னல் எதுவும் தள்ளிப் போகவில்லையே! வைரக்கண்ணு மட்டும் ஒவ்வொரு புரட்டாசி பிறக்கும்போதும் கயிற்றை முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்ப்பான். தூரத்தை மற்றவர்கள் காதால் கேட்டார்கள், அவன் உள்ளங்கையால் அறிந்தான்.

கடைசியில் ஒரு வருடம் கயிறே ஆளை விடக் கனத்துப் போனது. கப்பி போட்டும் வைரக்கண்ணால் ஒற்றை ஆளாகத் தாங்க முடியவில்லை, ஒத்திகை பார்த்தபோது அவனையே கயிறு கைப்பிடிச் சுவர் வரை இழுத்துக்கொண்டு போயிற்று. கமிட்டிச் செயலாளர் சபாரத்தினம் தன் ஐஸ் கம்பெனியின் வின்ச்சை மாடியில் ஏற்றித் தருவதாகச் சொன்னார். உத்திராபதி கையெடுத்துக் கும்பிட்டான்.

"மெசினுக்குத் தங்கச்சி கெடையாதுங்களே."

சபாரத்தினம் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஐப்பசியில் கவிழ்ந்த படகுகளில் ஒன்று அவர் சித்தப்பாவுடையது. அவர் ராத்தூக்கம் கெட்டு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார், அதைக் கேட்டு ஊரே அவரை மெச்சியது: தங்கச்சிதானே வேண்டும், தவமணியை ஊரே தங்கச்சியாக எடுத்துக்கொள்ளலாம், நூறு பேர் அண்ணன் ஆகலாம், நூறு பேரும் கயிறு பிடிக்கலாம்.

கல்யாண மண்டபத்தில் மேளம் வைத்து அந்த முறை செய்தார்கள். நூறு ஆண்கள் வரிசையில் நின்று, ஆளுக்கொரு தட்டில் மஞ்சள், குங்குமம், பூ, ஒரு சேலை வைத்துத் தவமணி கையில் கொடுத்து, "இன்னையிலேருந்து நீ எங்கூடப் பொறந்தவ" என்றார்கள். சிலர் கண் கலங்கியது, நடிப்பு என்று சொல்லிவிட முடியாது. தவமணி மணவறை நாற்காலியில் ஒற்றையாக உட்கார்ந்திருக்க, அவள் பக்கத்தில் சேலைகள் இடுப்பு உயரத்துக்கு ஏறின. வைரக்கண்ணு தண்ணீர் கொடுக்கப் போனபோது அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, அண்ணன்மாரெல்லாம் ஒரே நாள்ல சேலை கொண்டாந்து பொண்ணு மடியில போடுறது எதுக்குன்னு இவங்க யாருக்குமா தெரியாது?"

தெரியாமல் என்ன. புருஷன் செத்த வீட்டில்தான் பிறந்த வீட்டார் அப்படி வந்து கோடிச் சேலை போடுவார்கள். "இது சீர் வரிசைம்மா, அத நெனைக்காத" என்று வைரக்கண்ணு சொல்லிவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

அந்த நாளும் வந்தது. காற்று அடங்கி, கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. கயிறு கப்பியிலிருந்து மாடியைக் கடந்து, படிக்கட்டில் இறங்கி, கூடத்தையும் கொல்லையையும் தாண்டிச் சந்தில் மலையாகக் குவிந்து நின்றது, அதன் நீளத்துக்கு நூறு அண்ணன்களும் நின்றார்கள். கப்பிக்கு முன்னால் முதல் ஆளாக வைரக்கண்ணு. சந்தில் நின்றவர்களுக்கு மாடி தெரியாது, கூடத்தில் நின்றவர்களுக்கு வானமே தெரியாது. வால்நுனியை யார் இடுப்பில் கட்டுவது என்று ஒரு பேச்சு எழுந்தது. கூடப்பிறந்தவன் இடுப்பில்தான் என்றார் ஒருவர். அப்படியானால் நாங்கள் கூடப்பிறக்காதவர்களா, மண்டபத்தில் சொன்னது என்ன ஆயிற்று என்று இன்னொருவர் துள்ளினார். மேலத்தெருவுக்கா கீழத்தெருவுக்கா அந்த மரியாதை என்று குரல்கள் தடித்தன. சபாரத்தினம் எல்லோரையும் அமர்த்தி, மனஸ்தாபம் வேண்டாம், யாருக்கும் கட்ட வேண்டாம், இத்தனை கை இருக்கும்போது வால் எதற்கு என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. வைரக்கண்ணும் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"மச்சான், புடிச்சிருக்கீங்களா?" என்றான் உத்திராபதி, கைப்பிடிச் சுவரின் மேல் உட்கார்ந்தபடி.

"புடிச்சிருக்கோம்!" என்று மாடியும் படிக்கட்டும் கூடமும் கொல்லையும் சந்தும் சேர்ந்து கத்தின. உத்திராபதி அந்தச் சத்தத்தைக் கவனிக்கவே இல்லை, வைரக்கண்ணின் முகத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு காலை அந்தப் பக்கம் போட்டான்.

காலை முழுவதும் கயிறு போனது. உச்சி வெயிலில் போனது, மோர்ப்பானை வந்து காலியானபோதும் போனது, ஒலிபெருக்கிக்காரன் அதே பாட்டுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டு அலுத்து நிறுத்தியபோதும் போய்க்கொண்டிருந்தது. நூறு பேர் கையில் அது பாரமாகவே இல்லை, துணி உலர்த்தும் கொடியைப் பிடித்திருப்பது போல இருந்தது. வெயில் சாய்ந்த நேரத்தில் தெருவிலிருந்து ஒரு கூச்சல்: "நீலம் தெரியிது! நீலம் தெரியிது!" ஜன்னலின் இடது கதவு பளபளவென்று, மீன்கொத்தியின் முதுகைப் போல நீலமாக நின்றது.

அந்த நேரத்தில் வைரக்கண்ணின் உள்ளங்கை வேர்த்து வழிந்தது. பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று அவன் இரண்டு கையையும் எடுத்து வேட்டியில் துடைத்தான். அவனுக்குப் பின்னால் நின்றவன் எட்டிப் பார்க்க நினைத்தான், முன்னால்தான் சொந்த அண்ணன் இருக்கிறானே என்று கையை எடுத்தான். படிக்கட்டில் நின்றவன் மூக்கைச் சொறிந்தான். கூடத்தில் நின்றவன் கைதட்டினான். சந்தில் நின்றவர்கள் நீலத்தைப் பார்க்கத் தெருப்பக்கம் இரண்டு எட்டு வைத்தார்கள். யாரும் நெடுநேரம் விடவில்லை, ஒவ்வொருவரும் ஒரு கணம்தான் விட்டார்கள், அது எல்லோருக்கும் ஒரே கணமாக வாய்த்துவிட்டது.

கயிறு சீறிக்கொண்டு கப்பியில் ஓடியது. பாய்ந்து பிடித்தவர்களுக்குத் தோல் உரிந்ததுதான் மிச்சம், வால்நுனி சந்திலிருந்து கொல்லை, கூடம், படிக்கட்டு என்று வீடு முழுக்கப் பாம்பாக ஏறி வந்து, வைரக்கண்ணின் காலுக்கடியில் புகுந்து, சுவரைத் தாண்டிப் போயிற்று. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எந்தச் சத்தமும் வரவில்லை.

தெருவில் நின்றவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். உத்திராபதி ஜன்னலுக்கு ஒரு முழம் கீழே, தலைமயிர் மேல்நோக்கிப் பறக்க, சட்டை உப்பியிருக்க, கயிறு தலைக்கு மேலே நெளிந்துகொண்டிருக்க, அந்தரத்தில் இருந்தான். விழுந்துகொண்டிருந்தான். விளக்கு வைக்கும் நேரத்திலும் விழுந்துகொண்டிருந்தான், மறுநாள் பால்காரன் வந்தபோதும் அங்கேயே விழுந்துகொண்டிருந்தான்.

ஏணி வைத்தார்கள், ஏணிக்கு மேல் ஏணி கட்டினார்கள், சாரத்துக்கு நேர்ந்த கதிதான் அதற்கும். பிறகு ஊர் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. அவனுக்கு நேர் கீழே மணலும் வைக்கோலும் கொட்டி, பஞ்சு மெத்தைகளைப் பரப்பி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அந்த இடத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்தார்கள். ஆட்டோக்காரர்கள் மூன்றே நாளில் 'விழுறவரு முக்கு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், சவாரிகளும் அந்தப் பெயரைச் சொல்லியே ஏறினார்கள். சாமி ஊர்வலம் அங்கே வந்ததும் மேளத்தை நிறுத்தி நடந்தது. அவன் முகம் சுவர்ப்பக்கம் இருந்ததால் பயப்படுகிறானா, தூங்குகிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலிலிருந்து அவன் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறான் என்று மட்டும் அவ்வப்போது யாராவது கவனித்துச் சொல்வார்கள், சொன்னவரை மற்றவர்கள் முறைப்பார்கள்.

தவமணி விஷயத்தில்தான் நூறு அண்ணன்களுக்கும் குழப்பம். கோடி போடுவதா, கூடாதா? கமிட்டி கூடிப் பேசியது. தரையைத் தொடாதவன் செத்தவன் ஆக மாட்டான், ஆகவே தவமணி சுமங்கலிதான் என்று முடிவாயிற்று. சபாரத்தினமே வந்து அதைச் சொன்னார். "நீ பூவும் பொட்டுமா இரும்மா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நாங்க உடனே ஆள் அனுப்புறோம்" என்றார், பரிவோடுதான். தவமணி தலையை ஆட்டினாள். தினமும் காலையில் பொட்டு வைத்துக்கொண்டு முக்குக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று நடந்ததைப் பற்றி ஊரில் ஒரே வாக்கியம்தான் புழங்கியது: கயிறு வழுக்கிவிட்டது. நூறு பேரும் அதையே சொன்னார்கள். வைரக்கண்ணும் தங்கையிடம் அதையே சொன்னான், சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வந்து சட்டையைப் பிடித்து உலுக்கி ஒரு கேள்வி கேட்க மாட்டாளா என்று ஏங்கினான், கேட்டுவிடுவாளோ என்று நடுங்கினான், அவள் வீட்டுப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டான்.

ஐப்பசி பிறக்க இருந்த சமயத்தில் சபாரத்தினம் அவனைத் தேடி வந்தார். வலது கதவு இன்னும் சாம்பலாகவே இருக்கிறது, பாதி நீலத்தை வைத்துப் படகு எப்படி வரும், உத்திராபதியோடு இத்தனை வருடம் இருந்தவன் நீதானே என்றார். அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "ஒம் பொண்டாட்டிக்கு அண்ணன் தம்பி எத்தன பேரு?" என்றும் கேட்டார்.

"ஒருத்தருமில்ல. அவ ஒத்தப் பொண்ணு."

"அதனாலென்ன. அதான் மொறை கண்டுபுடிச்சி வச்சிருக்கமே. மண்டபத்துக்குச் சொல்லிடுறேன்."

வைரக்கண்ணு பதில் சொல்வதற்குள் தவமணி உள்ளே வந்தாள். வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். "மண்டபமெல்லாம் வேணாங்க. எங்கண்ணன் எறங்கட்டும், வர்ணத்துக்கில்ல, அவரக் கூட்டியார. ஒரு தடவ காலையில மாடியிலேருந்து கைநழுவுன டப்பா மூடிய, மத்தியானம் எறங்கிப் போவும்போது வழியில புடிச்சேன்னு அவரு எங்கிட்ட சொல்லியிருக்காரு. அந்தச் சொவத்துல விழுறத விட எறங்குறது சுருக்கா ஆவுது. அவரு தரைக்கு வாரதுக்குள்ள போனாப் புடிச்சிடலாம்" என்றாள்.

"கயிறு யாரும்மா புடிக்கிறது?"

"நாந்தான்."

பெண் கயிறு பிடிக்கும் வழக்கமில்லை என்று சபாரத்தினம் ஆரம்பித்தார், அவள் அவரைப் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினார். கனத்துக்குப் பயமில்லை, அவர் சொன்ன அதே வின்ச், படகுக் கயிறெல்லாம் முடிச்சுப் போட்டுச் சுற்றி, மாடிக்கு வரட்டும், கைப்பிடி தன்னிடம் இருக்கட்டும் என்றாள். வைரக்கண்ணு ஒத்துக்கொண்டான். உத்திராபதியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டால் போதும், பிறகு தான் என்ன ஆனாலும் சரி என்று இருந்தது அவனுக்கு.

மறுநாள் மாடியில் அவர்கள் இருவர் மட்டும் நின்றார்கள். மேகம் கடலின் மேல் கறுத்துக்கொண்டு வந்தது. தெருவில் கூட்டம் இருந்தது, பாட்டு இல்லை. வைரக்கண்ணு பலகையில் உட்கார்ந்து, இடுப்பில் முடிச்சைப் போட்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் காலைத் தொங்கவிட்டான். டீக்கடை போய்விட்டது. கூட்டம் போய்விட்டது. காலுக்கடியில் வெள்ளைச் சுவர் மட்டும் இறங்கி இறங்கிப் போய், எங்கோ புள்ளியாக ஒரு நீலம். அதற்கும் கீழே பார்க்க அவனால் முடியவில்லை. இத்தனை வருடம் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே இறங்கியது இதற்குள்ளேயா என்று கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே."

அண்ணாந்தான். தவமணி சுவரின் மேல் குனிந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வானம் இருந்ததால் அவள் முகம் தெரியவில்லை.

"அன்னைக்குக் கயிறு வழுக்குனப்ப, ஒங்கையி அதுல இருந்துச்சா?"

மாடியில் நிற்கும்போது கேட்டிருக்கலாம். வீட்டில் கேட்டிருக்கலாம். அங்கெல்லாம் கேட்டிருந்தால் ஆமாம் என்றே சொல்லியிருப்பான்.

"இல்லம்மா" என்றான். "வேர்வ தொடைச்சேன். பின்னால அத்தன பேரு இருந்தாங்களேன்னு."

காற்று எழுந்து பலகையைச் சுவரோடு ஒருமுறை இடித்தது. அழுகிறாளா என்று உற்றுக் கேட்டான். பிறகு அவள் தலை சுவரிலிருந்து மறைந்தது, வின்ச்சின் கைப்பிடி கிறீச்சிட்டது.

"சரி, எறங்கு" என்றாள்.

கயிறு ஒரு பாகம் இறங்கியது. நின்றது. நெடுநேரம் கழித்து, இன்னொரு பாகம் இறங்கியது.